காந்த மனிதனின் தோளில் என் கோடிச் சேலை

அது என் கோடிச் சேலை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யாரோ ஒரு புண்ணியவான் பழைய வீடியோ கேசட்டில் கிடந்த படத்தை எடுத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறான். என் மகன் போனில் காட்டினான். படத்துக்குக் கீழே ஆளாளுக்கு எழுதியிருக்கிறார்கள். பாதிப் பேர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், சிரிப்பு வருகிற படம்தான். ஆனால் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். படத்தில் முக்கால் பங்கு வரை காந்த மனிதன் கறுப்புத் துணியைத் தோளில் கட்டிக்கொண்டு வருகிறானாம். செத்துப் பிழைத்த பிறகு வெள்ளைத் துணியோடு எழுந்திருக்கிறானாம். மனித குலம் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போவதை இயக்குநர் இப்படிக் காட்டியிருக்கிறாராம். அதற்கும் கீழே பத்துப் பதினைந்து பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள்.

மனித குலமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எங்கள் பக்கத்தில் புருஷன் செத்துப்போனால் பிறந்த வீட்டார் ஒரு புதுச் சேலை எடுத்து வந்து அந்தப் பெண்ணின் மேல் போர்த்துவார்கள். அதுதான் கோடி. எங்கள் அய்யா, என்னைப் பெற்றவர், எனக்காகப் பேரையூரிலிருந்து எடுத்து வந்த கோடி அது. என் புருஷனோ இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார். இதை எழுதும்போது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துத் தின்கிறார். அவர்தான் காந்த மனிதன்.

நான் பேரையூர்ப் பக்கத்துக்காரி. பருத்தியும் மிளகாயும் போடுகிற வீடு. அவர் மதுரைக்காரர். வீட்டில் வேறு பாஷை பேசுவார்கள், எந்தக் காலத்திலோ குஜராத்திலிருந்து வந்து மதுரையில் தறி போட்டவர்களின் வம்சம். அவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. நான் மதுரைக்கு டைப்ரைட்டிங் படிக்க வந்த இடத்தில் பழக்கம். எப்படிப் பழக்கம் என்று கேட்காதீர்கள், அது என் சொந்த விஷயம்.

கல்யாணம் முடிக்கப் போகிறேன் என்று சொல்ல ஊருக்குப் போனேன். அய்யா தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உன் வீட்டுல எழவு விழுந்தா வாரேன். அதுக்கு முன்ன உன் வாசலை மிதிக்க மாட்டேன். போ."

அய்யா சொன்னால் சொன்னதுதான். எனக்கும் அதே வாய், அதே திமிர். "அதுவரைக்கும் நானும் கூப்பிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

பழங்காநத்தத்தில் ஒரு சந்துக்குள் வாடகை வீடு. மகள் பிறந்தாள். கூப்பிட மாட்டேன் என்றவள், வெட்கத்தை விட்டு ஊருக்கு ஆள் சொல்லி அனுப்பினேன். போனவர் பதிலோடு திரும்பினார். அய்யா கேட்டாராம்: "எழவா? இல்லைல்ல? அப்ப என்னத்துக்கு எங்கிட்டச் சொல்ற?"

எனக்கு நகை வேண்டாம், நிலம் வேண்டாம். அந்த மனுஷன் ஒரு தடவை என் வாசலுக்கு வந்து என் மகளைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அது நடக்க வேண்டுமானால் என் வீட்டில் ஒருவர் சாக வேண்டும். என்ன மாதிரியான அப்பன் பாருங்கள்.

இதற்கு நடுவில்தான் படம்.

எங்கள் சந்து முனையில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. ஸ்டூடியோக்காரருக்கு சினிமாப் பைத்தியம். ஒரு கதை வைத்திருந்தார். செவ்வாய்க் கிரகத்திலிருந்து ஒருவன் வந்து ஊரில் இருக்கிற இரும்பையெல்லாம் தின்கிறான். பம்புசெட் ரிப்பேர் பார்க்கும் ஒருவன் மேல் மின்னல் விழுந்து அவன் காந்தமாகிவிடுகிறான். இரண்டு பேருக்கும் சண்டை. கதை என்னவோ நன்றாகத்தான் இருந்தது, இப்போதும் சொல்வேன்.

காந்த மனிதனுக்கு ஒரு கவசம் வேண்டுமென்று டிரங்குப் பெட்டி செய்கிறவரிடம் சொல்லித் தகரத்தில் அடித்து வாங்கினார். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, தோளில் கீல், இடுப்பில் பெட்டிக்குப் போடுவது போலவே கொக்கி. கதாநாயகனாகப் பேசி வைத்திருந்த நாடக நடிகர் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பார். அவரை உள்ளே வைத்துக் கொக்கி மாட்ட முடியவில்லை. கவசத்தைப் பிரித்து அடிக்க டிரங்குப் பெட்டிக்காரர் சம்மதிக்கவில்லை. "ஆளை மாத்துங்கண்ணே, அது லேசு" என்றாராம்.

என் புருஷன் மகளுடைய போட்டோவை வாங்க அன்றைக்கு ஸ்டூடியோவுக்குப் போயிருந்தார். ஒல்லி. ஸ்டூடியோக்காரர் அவரைக் கையைத் தூக்கச் சொல்லி, முன்னும் பின்னும் தகரத்தைச் சாத்தி, கொக்கியைப் போட்டார். டக்கென்று விழுந்தது. நடிகர் தேர்வு முடிந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னார். "உங்களுக்குக் கிறுக்கா?" என்றேன். "இருக்கலாம்" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான். என் கோபமெல்லாம் அவரிடம் போய் விழுந்து காணாமல் போகும்.

கறுப்பு வெள்ளைப் படம். தோளில் கட்டும் துணியை அவரே பட்டறையில் ரத்தச் சிவப்பாகத் தோய்த்து எடுத்தார். திரையில் அது கறுப்பாகத்தான் தெரியும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவருடைய கை இரண்டும் முழங்கை வரை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். படத்தில் காந்த மனிதனின் கை மட்டும் கறுத்திருப்பது மின்னல் பட்டதால் அல்ல, அந்த வாரம் தோய்த்தது நீலம்.

பறக்கும் தட்டு, கல்யாணப் பாத்திரம் வாடகைக்குக் கொடுக்கும் கடையில் எடுத்த இரண்டு பெரிய அண்டாக்கள். வாயோடு வாய் வைத்துக் கட்டியிருந்தார்கள். செவ்வாய்க்காரனின் கப்பல் தரையிறங்கும்போது உற்றுப் பாருங்கள், அடியில் கடைக்காரர் பெயர் வெட்டியிருக்கும்.

வெளிப்புறக் காட்சிகளுக்கு ஆளில்லாத வெட்டவெளி வேண்டுமென்று போனது எங்கே என்கிறீர்கள்? பேரையூர்ப் பக்கம். எங்கள் ஊருக்கு நடந்து போகிற தூரம். கோடை. தகரத்துக்குள் வெந்துவிடாமல் இருக்க உள்ளே ஈரச் சாக்கு. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு சொம்போடு நின்று, ஷாட் முடிந்ததும் கழுத்து வழியாகத் தண்ணீர் ஊற்றுவேன். கவசத்திலிருந்து ஆவி வரும். படத்தில் அவன் உடம்பிலிருந்து புகை வருவதைப் பெரிய தந்திரக் காட்சி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தந்திரமும் இல்லை, ஒன்றும் இல்லை. என் சொம்புத் தண்ணீர்.

அரிவாள், கடப்பாரை, சைக்கிள் எல்லாம் பறந்து வந்து அவர் நெஞ்சில் ஒட்ட வேண்டும். சின்னச் சாமானுக்குத் தூண்டில் நரம்பு கட்டி இழுத்தார்கள். பெரிய சாமானுக்கு வேறு வழி. நெஞ்சில் வைத்திருப்பதை அவர் தூக்கி எறிய வேண்டும், பின்னால் நடக்க வேண்டும். படத்தைத் திருப்பி ஓட்டினால் சாமான் பறந்து வந்து ஒட்டும். இதெல்லாம் சரி. ஆனால் அந்த நேரம் பின்னால் ஒரு ஆடு போய்விட்டது. திரையில் கடப்பாரை பறந்து வருகிறது, காந்த மனிதன் கம்பீரமாக முன்னால் நடக்கிறார், ஆடு பின்பக்கமாகவே நடந்து போகிறது. இணையத்தில் எல்லோரும் அந்த ஆட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கும் அந்த ஆட்டைப் பிடிக்கும்.

விஷயம் அய்யா காதுக்குப் போனது. டீக்கடையில் யாரோ, "உங்க மருமகன் தகரத்தை மாட்டிக்கிட்டுக் காட்டுக்குள்ள பின்னுக்கு நடக்குறாரு" என்று சொல்லியிருக்கிறார்கள்.

"எனக்கு ஏது மருமகன்? எம்மக ஒரு தகரத்தோட ஓடிப்போச்சு. தகரம் எப்படி நடந்தா எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு டீயை முடிக்காமல் எழுந்து போயிருக்கிறார். வந்து பார்க்கவில்லை. நான் சொம்போடு பாதையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அடுத்து எடுக்க இருந்தது சாவுக் காட்சி. செவ்வாய்க்காரன் சண்டையில் காந்த மனிதனின் துணியைக் கொளுத்தி ஆளையும் கொன்றுவிடுகிறான். நிஜமாகவே கொளுத்தினார்கள். அவர் தோய்த்த சிவப்புத் துணி போயிற்று. ஊர் கூடி அழுகிறது. அப்போது ஆகாயத்தில் மின்னல் அடிக்க, பாடையிலிருந்து எழுந்திருக்கிறார்.

ஊர் அழுகிறது என்று எப்படிக் காட்டுவது? மதுரையில் ஒருவன் செத்தான் என்றால் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இருக்க வேண்டும். இல்லையென்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஸ்டூடியோக்காரர் காளவாசலில் இருந்த ஒரு அச்சாபீசுக்கு ஓடினார். என் புருஷனுடைய போட்டோவைக் கொடுத்தார். "கண்ணீர் அஞ்சலின்னு மட்டும் பெருசாப் போடுங்க, விடியுமுன்ன வேணும்" என்று சொல்லிவிட்டு, வேறு நூறு வேலை இருந்ததால் ஓடிவந்துவிட்டார். படத்துக்கென்று சொல்லவில்லை. போன முகமும் தூக்கமில்லாத முகம்.

அச்சாபீஸ்காரருக்கு என் புருஷனைத் தெரியும். சாயப்பட்டறை லேபிளெல்லாம் அங்கேதான் அடிப்பார்கள். பாவம், மனுஷன் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அப்புறம் வேலையைப் பார்த்திருக்கிறார். பெயர் போட்டார். தெருப் பெயர் போட்டார். இறுதி ஊர்வலம் இன்று மாலை நான்கு மணியளவில் அன்னாரது இல்லத்திலிருந்து புறப்படும் என்கிற வரியை அவர் கோத்த எழுத்தாகவே கட்டி வைத்திருப்பார், எல்லாச் சாவுக்கும் அதுதான். அதையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டார். பிற்பாடு கேட்டதற்கு அவர் சொன்னது இது:

"பேரு இல்லாம, நேரம் இல்லாம எவனாச்சும் எழவு போஸ்டர் அடிப்பானா? துக்கத்துல மறந்துட்டீங்கன்னு நான்தான் சேத்தேன். தப்பா?"

தப்பில்லை. அவர் தொழிலை அவர் ஒழுங்காகச் செய்தார்.

காலையில் காளவாசலிலும் பழங்காநத்தத்திலும் ஒட்டினார்கள். ஸ்டூடியோக்காரர் அழுகிற ஆட்களைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி எடுத்துக்கொண்டார். கேமராவுக்குள் பார்த்தவர் போட்டோவையும் பெரிய எழுத்தையும்தான் பார்த்தார். எடுத்ததும் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். போஸ்டரைக் கிழிக்கிற எண்ணம் யாருக்கும் வரவில்லை.

மிளகாய் மூட்டை இறக்க வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் காளவாசலில் அதைப் படித்தார். அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

மத்தியானம். நான் உள்ளே பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். கொட்டுச் சத்தம் கேட்டது. பக்கத்துத் தெருவில் யாரோ போய்விட்டார்கள் போல என்று நினைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். சந்துக்குள் ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. முன்னால் கொட்டுக்காரர்கள், நடுவில் தலையை விரித்துப்போட்டு மார்பில் அடித்துக்கொண்டு பெண்கள். முதல் ஆள் என் அத்தை, அய்யாவின் தங்கை. என்னைப் பார்த்ததும் அவளுடைய ஒப்பாரி பாதியில் நின்றது.

"என்னடி பூ வச்சிருக்க?" என்றாள்.

"ஏன், வைக்கக் கூடாதா?"

"புருசன் செத்து இம்புட்டு நேரம் ஆச்சு, பூவும் பொட்டுமா நிக்கிற?"

"யாரு புருசன் செத்தது?"

சத்தம் கேட்டு என் புருஷனும் எழுந்து பின்னால் வந்தார். கொக்கி போடாத தகரம் தோளில் தொங்குகிறது, கையில் குழம்புச் சோறு. அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கொட்டு நின்றது.

"வாங்க அத்தை" என்றார். "சாப்பிடுறீகளா?"

அய்யா எதிர்ச் சுவர் ஓரமாக, கரண்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கக்கத்தில் ஒரு துணி மூட்டை. இளைத்திருந்தார். அழுத முகம். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. என்னைப் பார்த்தார், இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தார், என் புருஷனைப் பார்த்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய முகமாகிவிட்டது.

"எழவு இல்லையா?"

"இல்லைய்யா."

"அப்ப நான் எதுக்கு வந்தேன்? வண்டியைத் திருப்பச் சொல்லு."

அத்தை எழுந்துகொண்டாள். "வண்டியைத் திருப்பலாம்ண்ணே. கோடியை என்ன செய்ய? எடுத்த கோடியைத் திரும்ப வீட்டுக்குள்ள கொண்டுபோனா நம்ம வீட்டுலல்ல ஒரு எழவு கேக்கும்."

அய்யா மூட்டையைப் பார்த்தார். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. எங்கள் வாசலுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சாக்கடைதான். அதைத் தாண்டாமல் நின்றார். இப்போது விட்டால் இந்த மனுஷன் செத்தாலும் வர மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. வாய் தானாகப் பேசியது.

"எழவுக்குத்தான வந்தீக? நாலு மணிக்கு எழவு இருக்கு. இருந்து அழுதுட்டுப் போங்க."

"என்னடி உளறுற?"

"போஸ்டர்ல போட்டிருந்துச்சுல்ல? போட்டபடி நடக்கும். இவரத்தான் தூக்குறோம்."

இதற்குள் ஸ்டூடியோக்காரர் வந்துவிட்டார். சாவுக் காட்சிக்குக் கூட்டம் சேர்க்க முடியாமல் பட்டறை ஆட்கள் நாலு பேரை மட்டும் பிடித்து வைத்திருந்தவர். சந்து நிறைய அழுத முகங்களையும் கொட்டுக்காரர்களையும் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, அய்யா, எல்லாரும் இப்படியே இருங்க. முகத்தைக் கழுவிராதீங்க. அழுகையை நாலு மணிவரைக்கும் அப்படியே வச்சிருங்க."

லாரியில் அவ்வளவு தூரம் வந்து சும்மா திரும்புவதற்கு எங்கள் ஆட்களுக்கும் மனசில்லை. பக்கத்திலிருந்த பொட்டலுக்குப் போனோம். பாடை தயாராக இருந்தது. அவர் தகரத்தை முழுசாக மாட்டிக்கொண்டு படுத்தார். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். அத்தை முதலில் கூச்சப்பட்டாள். "உசுரோட இருக்கவனுக்கு எப்படி அழுக?" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

தகரச் சட்டை போட்டவரே தங்கமான மருமகனே
தாய்வீட்டுப் பாதையில தண்ணி கேட்டு நின்னியளோ
தண்ணி தர மாட்டாம ஒரு மரம் நிக்குதய்யா
பேத்தி முகம் பாக்காத பெருமரமா நிக்குதய்யா

ஒப்பாரியில் யாரும் யாரையும் எதையும் சொல்லலாம். இடையில் மறித்துப் பேசக்கூடாது, பாடுகிறவளை முறைக்கவும் கூடாது. நேரில் அண்ணன் முன்னால் வாயைத் திறக்காத அத்தை, மூன்று வருடமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அன்றைக்கு எடுத்துவிட்டாள். அய்யா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்தக் கேமரா சத்தம் பிடிக்காது. பின்னால் அந்த இடத்துக்கு ஏதோ ஆர்மோனியத்தைப் போட்டு நிரப்பிவிட்டார்கள். படத்தில் அத்தையின் வாய் அசைவது மட்டும்தான் இருக்கிறது. எனக்கு அந்தப் படத்தின் மேல் இருக்கிற ஒரே கோபம் அது.

கோடி போடுகிற நேரம் வந்தது. அதைப் பற்றி ஸ்டூடியோக்காரர் ஒன்றும் எழுதி வைத்திருக்கவில்லை. எங்கள் ஆட்கள் வழக்கப்படி வழிவிட்டு நின்றார்கள், அய்யா மூட்டையை அவிழ்த்தார். வெள்ளைச் சேலை. மடிப்புக் கலையாதது. நான் பிள்ளையோடு கூட்டத்தில் நின்றேன். முறைப்படி அவர் அதை என் மேல் போர்த்த வேண்டும். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். என் தலையில் இருந்த பூவைப் பார்த்தார்.

"உம்மேல போட மாட்டேன்" என்றார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

திரும்பிப் போய்ச் சேலையைப் பிரித்து, பாடையில் கிடந்தவர் மேல் கழுத்திலிருந்து கால் வரை போர்த்தினார். ஓரம் விலகியதைத் தோள்பட்டைக்கு அடியில் சொருகினார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

அப்புறம் மின்னல். கண்ணாடியை வெயிலுக்குக் காட்டி முகத்தில் அடிப்பதுதான் மின்னல். அவர் எழுந்தார். சேலை கீழே விழுந்திருக்க வேண்டும். அய்யா சொருகிய ஓரம் தோள் கீலுக்குள் போய், அவர் கையைத் தூக்கியதும் கீல் கடித்துக்கொண்டது. அவர் நிமிர்ந்து நிற்கிறார், முதுகில் வெள்ளைச் சேலை காற்றில் விரிகிறது. எங்கள் ஆட்களுக்கு நடிப்பென்று தெரியும். தெரிந்தும் பெண்கள் எழுந்துவிட்டார்கள். கொட்டுக்காரர்கள் யாரும் சொல்லாமலே சாவு அடியை விட்டுவிட்டு முளைப்பாரித் திருவிழாவுக்கு அடிக்கிற அடிக்கு மாறினார்கள். அதுவும் படத்தில் கேட்காது.

சேலையை எடுத்துவிட வேண்டாம் என்று ஸ்டூடியோக்காரர் கத்தினார். அதற்குப் பிறகு எடுத்த சண்டைக்கும் பறப்பதற்கும் அதையே கட்டினார்கள். படம் முடிவதற்குள் அது நார் நாராகக் கிழிந்துபோனது. நல்லதாகப் போயிற்று. நான் அதைக் கட்டவே இல்லை. வெள்ளைத் துணியின் அர்த்தம் இவ்வளவுதான்.

அய்யா அவர் பக்கத்தில் போய்க் கவசத்தைத் தொட்டுப் பார்த்தார். சுட்டிருக்க வேண்டும், கையை இழுத்துக்கொண்டார்.

"வெயில்ல இதுக்குள்ள எப்படிய்யா இருக்க?"

"பழகிருச்சு மாமா."

அவ்வளவுதான் பேச்சு.

எழவு எழவுதான் என்று அத்தை யாரையும் விடவில்லை. எல்லோரும் எங்கள் தெருக் குழாயில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். நான் காப்பி போட்டுக் கொண்டுவந்தேன். அய்யா வாங்கவில்லை. "எழவு வீட்டுல கை நனைக்கக் கூடாது" என்றார். பிள்ளையைத் தூக்கவும் இல்லை. ஈரத் துண்டோடு நின்று பார்த்தார், அவ்வளவுதான். லாரியில் ஏறினார்கள். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் போயிட்டு வாரேன் என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். அப்படியே போனார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

நான் காப்பி டம்ளரோடு வாசலில் நின்றேன். எழவுக்கு வருகிறேன் என்றார், வந்தார், முறை செய்தார், குளித்தார், போய்விட்டார். சொன்ன சொல் தீர்ந்துவிட்டது. இனி எதற்கு வரப்போகிறார்? வாய்க்கு வந்தபடி மனசுக்குள் திட்டினேன்.

லாரி சந்து முனையில் திரும்பும் இடத்தில் நின்றது. அய்யா இறங்கினார். ஈர வேட்டி காலைத் தட்ட நடந்து வந்தார். சாக்கடையைத் தாண்டினார். வாசல் கல்லில் காலை வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையின் கன்னத்தில் ஒரு விரலை வைத்து, அதனிடம்தான் சொன்னார்.

"வாரேன்."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். பின்னாலிருந்து அவர், இன்னும் தகரத்தைக் கழற்றாமல், "என்ன சொன்னாரு?" என்று கேட்டார். ஆறிப்போன காப்பியை அவரிடம் கொடுத்தேன்.

மறு மாதம் அய்யா ஒரு மூட்டை கடலையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே எனக்கும் அய்யாவுக்கும் சண்டை.